தையில் ஓகே ஆன கால்

சனிக்கிழமை பகல் ஒன்றேகால். திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கியதுமே சித்திரை வெயில் பிடரியில் அடித்தது. வீரபாண்டிக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோ இருநூறு ரூபாய். ரயில் கொசு கடித்த கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தபோது தோழி சுகந்தி போனில் அழைத்தாள்.

"ஐ.பி.எல். எடுத்துட்டு வந்தியா புள்ள?"

"ஐ.பி.எல்.தானே? பையில பத்திரமா இருக்கு."

ஆட்டோ ஓட்டுநர் சட்டென்று திரும்பினார். "டிக்கெட்டுங்களாக்கா? எத்தன மணிக்குங்க மேட்ச்?"

இந்த ஐ.பி.எல். கால் முடியை ஒளி பாய்ச்சிக் குறைக்கும் கருவி என்று அவரிடம் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. "ஏழரைக்கு" என்று சொல்லிவைத்தேன்.

சுகந்திக்கு வீரபாண்டியில் இருபது மெஷின் ஓடும் பனியன் கம்பெனி. இத்தனை வருடம் பிறர் பெயருக்குத் தைத்தவள், முதல்முறையாகச் சொந்தப் பெயரில் பெண்களுக்கான ஷார்ட்ஸ் போடுகிறாள். மறுநாள் அமராவதி அணையில் படம் எடுக்க ஏற்பாடு. கேமரா நான், மாடல் அவளே. நாற்பது வயதுக் காலையும் நாலு பேர் பார்க்கட்டும் என்பது அவள் கட்சி. ஆனால் அந்தக் கால் வழுவழுவென்று வந்தாக வேண்டும்.

தை மாதம் சென்னையில் என் வீட்டுக்கு வந்தபோது இதே கருவியை அவள் பயன்படுத்தியிருந்தாள். அதோடு வரும் நிற அட்டையில் அவள் தோல் மூன்றாம் கட்டம். ஓரிடத்தில் மட்டும் வைத்துச் சோதித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்த்த பிறகே தொடங்கினோம்.

"தையிலயே அப்ரூவல் ஆன ஷேடு புள்ள, அப்பறம் என்னத்தப் பாக்கறது?" என்றாள் இப்போது. நானும் மண்டையை ஆட்டினேன்.

மாலை நான்கு மணிக்கு, கம்பெனி அறையில் பிளக்கை மாட்டும் நேரத்தில் செல்வி வந்தாள். தூத்துக்குடிக்காரி; துணியில் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவள். நிற அட்டையைப் பார்த்ததும் அவளுக்குக் கை பரபரத்தது.

"எக்கா, தையில ஓகே பண்ணுனத வச்சா சித்திரையில ஓட்டுதீய? லாட்டுக்கு லாட் ஷேடு மாறும்லா?"

லாட் என்றால் ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணி. சாயம் ஒப்பிடும் லைட் பாக்ஸ் என்பது பகல் வெளிச்சம் போன்ற விளக்கெரியும் சாம்பல் நிறப் பெட்டி. முதலாளியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அதற்குள் காலை நீட்டினாள். செல்வி அட்டையைப் பக்கத்தில் பிடித்தாள். மூன்று பொருந்தவில்லை. நான்கும் இல்லை. ஐந்து! பங்குனி முழுக்க முக்கால் பேண்ட்டோடு ஸ்கூட்டரில் அலைந்ததன் பலன்.

கருவியின் கையேட்டைப் புரட்டினேன். வெயிலில் கறுத்த தோல் ஒளியை அதிகமாக வாங்கும், சுட்டுவிடும். நிறம் இறங்கச் சில வாரம் பொறுக்க வேண்டும். கருவியை வைத்த பிறகும் வெயில் படக்கூடாது. ஒரு சுவிட்ச் தூரத்தில் தோழியின் காலைப் பொசுக்கியிருப்பேன்.

"ரிஜெக்ட்டுக்கா" என்றாள் செல்வி.

சுகந்தியின் முகம் வாடிவிட்டது. "அப்ப நாளைக்குப் போட்டோவுக்கு என்ன பண்றது கண்ணு?"

"ரேசர் எதுக்குக்கா இருக்கு?"

சொல்லிவிட்டு, குறையுள்ள சரக்கை நிறுத்திவைக்கும் 'ஹோல்டு' என்ற சிவப்பு அட்டையைக் கருவியில் கட்டிக் கையெழுத்தும் போட்டாள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு மூவரும் காரில் கிளம்பினோம். பல்லடம், உடுமலை வழியாக எழுபது கிலோமீட்டருக்கு மேல். வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்து முடித்தோம். பிறகு வறுத்த மீன். சுகந்தி எண்ணெய் விரலால் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"என்ற காலா புள்ள இது!"

அவள் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் மனம் நிறைந்தது. செல்வியோ செருப்பைக் கழற்றிய என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார் மறைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

"நீங்க கடைசியா எப்பக்கா வச்சீய?"

"போன வாரம்."

"எந்த ஷேடுல?"

"தையில பார்த்ததுதான்…"

என் கணுக்காலை மறுபடி உற்றுப் பார்த்துவிட்டு, அவள் கைப்பையில் பேனாவைத் தேடினாள்.

மாலை ரயில் ஈரோட்டைத் தாண்டியபோது தண்ணீர் பாட்டிலுக்காகப் பையைத் திறந்தேன். கருவியில் இரண்டு சிவப்பு அட்டைகள் தொங்கின. புதியதில், 'சரக்கு: அக்கா கால். குறை: ஷேடு மாற்றம். கணுக்காலில் இருப்பது கொசுக்கடி இல்லை. ஹோல்டு.' கீழே கையெழுத்து.

குனிந்து பார்த்தேன். கொசு கடித்தால் இத்தனை ஒழுங்காக, கருவியின் முகப்பளவுக்குச் சதுரமாகவா சிவக்கும்? சென்னையில் என் காலை இவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்ததில்லை, நான் உட்பட. இரண்டு அட்டைகளையும் இன்னும் அவிழ்க்கவில்லை.