கலந்து கொட்டிய களிம்பு

முதலில் மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சிறிய 'ர' எங்கே, பெரிய 'ற' எங்கே என்பது இன்றும் குழப்பம். கையெழுத்தோ கோழி கிளறிய மாதிரி. பத்திரிகையில் இதை டைப் செய்கிறவர் பொறுமையாகத் திருத்திவிடுவதால் உங்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் இந்த வாரம் நான் சொல்லப்போகிற தப்பை அவராலும் திருத்த முடியாது.

என் மனைவி செல்விக்குச் சர்க்கரை. இடது கால் பெருவிரலில் ஒரு புண், நான்கு மாதமாக ஆறவில்லை. பரவினால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்தோறும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவோம்.

ஒரு நாள் அங்கே இருக்கும் லேடி டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துப் பேசினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"புதுசா ஒரு களிம்பும்மா. பல்லிக்கு வாலு அறுந்தா திரும்ப வளருது இல்ல... அது எப்படின்னு லேப்ல ரொம்ப வருஷமா பார்த்துக்கினு இருந்தாங்க. மருந்து பண்றதுக்குன்னு இல்ல, சும்மா தெரிஞ்சுக்கத்தான். அதுல தெரிஞ்சத வச்சு இதைச் செஞ்சிருக்காங்க. எலிக்குப் போட்டுப் பார்த்தாச்சு. கொஞ்சம் பேருக்குப் போட்டதுல கெடுதல் இல்லன்னு தெரிஞ்சாச்சு. ஆனா புண்ணை ஆத்துதான்னு நிறைய பேருக்குப் போட்டாத்தான் தெரியும்."

செல்வி காலை இழுத்துக்கொண்டாள். "பல்லி கால்ல விழுந்தாலே காலண்டர்ல பலன் போட்டிருக்கான். நீங்க அரைச்சே பூசுறேன்றீங்க."

"இதுல பல்லி இல்லம்மா," என்று டாக்டர் சிரித்தார். "பாதி பேருக்கு நிஜ மருந்து, பாதி பேருக்கு வெறும் களிம்பு. கட்டு, மாத்திரை எல்லாருக்கும் ஒண்ணுதான்."

நான் வெளியாட்களிடம் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். அன்று கேட்டுவிட்டேன். "இவளுக்கு எதுங்க?"

"எனக்கே தெரியாதுங்க. டியூப்ல நம்பர்தான் இருக்கும்."

கொடுக்கிறவருக்கே தெரியாதாம்... இது எந்த ஊர் நியாயம்? மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் இருபது வருடமாக எடை போடுகிறேன். தன் மூட்டையில் என்ன இருக்கிறதென்று தனக்கே தெரியாது என்று சொன்ன எவரையும் நான் நம்பியதில்லை.

பக்கம் பக்கமாக ஒரு படிவம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரியை மட்டும் மூன்று முறை. செல்வி கையெழுத்துப் போட்டாள் — விரல் பயம்.

கோட்டக்குப்பத்திலிருந்து ஜமீலா அக்காவும் அதே செவ்வாயில் வருவார். மகன் துபாயில். இவருக்குக் குதிகாலில் புண். இவருக்கும் எங்களைப் போல வாரம் ஒரு டியூப்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் இரண்டு டியூப்பையும் வைத்துப் பார்த்தோம். ஒரே நிறம், ஒரே வாசனை.

"எனக்குத் தந்தது வெறும் வெண்ணெய்தான் தம்பி," என்றார் ஜமீலா அக்கா.

"உங்களுது தேவலாம்க்கா. எங்களுதுதான் பேஜாரு," என்றாள் செல்வி.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தம்பி கூட்டுப் பயிர் வைத்திருப்பார்கள். மேட்டு நிலத்துக் காய் ஒரு ரகம், பள்ளத்துக் காய் ஒரு ரகம். சண்டை வராமலிருக்க எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, புரட்டிவிட்டு, ஆளுக்குச் சரிபாதி எடை போட்டுக் கொடுப்பேன். யாருக்கும் ஏமாற்றமில்லை.

"கலந்து கொட்டிடலாமா?" என்றேன். "ஆளுக்குப் பாதி மருந்து நிச்சயம்."

"இவ்ளோ மூளைய வச்சிக்கினு தராசு புடிச்சிக்கினு இருக்கியே தம்பி," என்றார் ஜமீலா அக்கா. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

வெந்நீரில் கழுவிக் காயவைத்த இரண்டு டப்பா. ஆறு வாரம் கலந்தோம், பிரித்தோம். செல்வியின் புண் ஓரத்தில் சுருங்க ஆரம்பித்தது.

ஏழாவது செவ்வாய், நர்ஸ் எங்கள் காலி டியூப்பைச் சின்னத் தராசில் வைத்தார். தராசைப் பார்த்ததும் எனக்கு வாய் திறந்துகொண்டது. "எதுக்குங்க எடை?"

பக்கத்தில் இருந்த டாக்டர் பதில் சொன்னார். "ஒழுங்கா போட்டீங்களான்னு பார்க்கத்தான். மருந்து போட்டவங்களுக்கு ஆறி, வெறும் களிம்பு போட்டவங்களுக்கு ஆறலைன்னாத்தான் இது வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா இதை மூட்டை கட்டிடுவாங்க."

கலந்த குவியலில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து, எந்த நிலத்துக் காய் நல்லதென்று சொல்ல முடியுமா? முடியாது. அது என்னைவிட யாருக்குத் தெரியும்? எதிர் பெஞ்சில் ஒருவர், விரல்கள் எடுத்த பாதத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த காலிலும் கட்டு. மருந்தை மூட்டை கட்டிவிட்டால் இவருக்கு என்ன கிடைக்கும்?

சொன்னால் செல்விக்கு டியூப் நின்றுவிடும். ஆற ஆரம்பித்திருக்கிற நேரம்... சொல்லிவிட்டேன்.

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடினார். "ரெண்டு பேருக்கும் இனிமே களிம்பு தர முடியாதுங்க. கட்டு, மாத்திரை எப்பவும் போல உண்டு." பிறகு கேட்டார்: "ஆளுக்குப் பாதின்னு எப்படி முடிவு பண்ணீங்க? ரெண்டு டியூப்பும் ஒரே ரகமாக்கூட இருந்திருக்கலாமே."

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், இதை மட்டும் யோசிக்கவே இல்லை.

பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டியதும் செல்வி சொன்னாள்: "ஊர்ல எவன்கிட்டயும் பேசாத ஆளு, இன்னிக்குத்தான் பேசணுமா?"

அது நடந்தது சித்திரையில். செல்வியின் புண் இப்போது மிளகு அளவுக்கு வந்துவிட்டது. விரல் தப்பியது. பல்லியிடம் கற்ற மருந்தா, வெறும் களிம்பா, வாரா வாரம் கட்டிய நர்ஸின் கையா? டாக்டருக்கு நிஜமாகவே தெரியாதா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதே டப்பாக் களிம்பைப் போட்ட ஜமீலா அக்காவுக்குக் குதிகால் இன்னும் மூடவில்லை. போன செவ்வாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன்மேல கோவம் இல்ல தம்பி. அது நல்ல மருந்துதானா, அத மட்டும் சொல்லு."

இருபது வருடமாக எடை சொல்கிறவன்... "கலந்துட்டேனேக்கா" என்றுதான் சொல்ல முடிந்தது.

எழுதத் துணிந்தது: ஆடி மாதம், மூன்றாம் செவ்வாய்.