காலை ஆறு மணிக்கு ஓர் "உள்ளேன் ஐயா"

உரக்கடை அண்ணனின் கைபேசி பதினாறு நாட்கள் என் மேசைமேல் சார்ஜில் இருந்தது. திரையின் வலது மூலையில் ஒரு விரிசல். பின்பக்கம் நெல்விதை விளம்பர ஸ்டிக்கர் பாதி உரிந்து கிடந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு அந்தத் திரை தானாக ஒளிரும். மறுநொடி பக்கத்திலிருக்கும் என் கைபேசி ஒலிக்கும். அண்ணனிடமிருந்து செய்தி வந்திருக்கும்: "உள்ளேன் ஐயா." அண்ணனை நாங்கள் எரித்துவிட்டு வந்திருந்தோம்.

தமிழில் வலைப்பூக்கள் பெருகிய காலத்து விளையாட்டு அது. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்லும் பதிலைப் பதிவின் கீழே பின்னூட்டமாகப் போடுவார்கள். வந்தேன், சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, என்னையும் கணக்கில் வைத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். படிக்காமலே போடுகிறவர்களும் உண்டு. எழுதுகிறவனுக்கு அது தெரியும், தெரிந்தும் சந்தோஷப்படுவான். பத்திரிகையில் பிறர் செய்திகளைத் திருத்தியே காலம் கழித்த எனக்கும் ஒரு வலைப்பூ இருந்தது. தளவானூர்க் குகையைப் பற்றியோ ராஜகிரிக் கோட்டைப் படிகளைப் பற்றியோ எதை எழுதினாலும் ஒருவர் முதலில் வந்து "உள்ளேன் ஐயா" போட்டுவிடுவார். அவர் என் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி உரக்கடை வைத்திருப்பவர் என்று தெரிய ஒரு வருடம் ஆயிற்று. நேரில் பார்த்தபோது, "எல்லாத்தையும் படிக்கிறீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"படிச்சேனான்னு கேக்காத தம்பி. வந்தேனா இல்லியா, அத்த சொல்லு."

வலைப்பூக்கள் ஓய்ந்தன. அந்தச் சொல்லும் வழக்கொழிந்தது. ஆனால் என் பழைய வாசகர்களில் செஞ்சியிலேயே இருந்த இருவர், அண்ணனும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும், என்னோடு ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார்கள். அதற்குள் மூவருமே தனியாக வாழ்கிறவர்களாகிவிட்டிருந்தோம். அண்ணன் மனைவியை இழந்து கடையை விற்றிருந்தார், மகள் பெங்களூரில். டீச்சர்தான் ஏற்பாட்டைச் சொன்னார்: காலையில் எழுந்ததும் மூவரும் "உள்ளேன் ஐயா" போட வேண்டும். ஆறரைக்குள் ஒருவருடையது வராவிட்டால் மற்றவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். பழைய வேடிக்கைக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது.

ஒரு நாள் அண்ணனுடையது வரவில்லை. நான் ஓடினேன். பத்து நிமிடம் தட்டிய பிறகு கதவைத் திறந்தார், கலைந்த தலையோடு.

"இன்னா தம்பி, ஒரு நாளு தூங்க வுட மாட்டியா? தெருவே பாக்குது. டென்ஷன் பார்ட்டிப்பா நீ."

நான் கோபத்தில் குழுவிலேயே எழுதினேன்: "இன்னொரு முறை இப்படிச் செய்தால் பூட்டை உடைப்பேன்." அவர் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டார். மறுநாளிலிருந்து அவர் செய்தி ஆறு மணிக்கு வந்தது. ஒரு நிமிடம் முன்னே இல்லை, பின்னே இல்லை. அதற்கு முன்பெல்லாம் 5.48, 6.11, 6.24 என்று வந்துகொண்டிருந்தது. அந்த மாற்றத்தை நான் கவனித்தேன். முப்பது வருடம் தேதியும் நேரமும் சரிபார்த்த கண் அது. கவனித்துவிட்டு, "அண்ணன் திருந்திட்டாரு" என்று டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன்.

நேரம் குறித்து வைத்தால் தானே செய்தி அனுப்பும் ஆப் ஒன்றை அவர் போட்டிருந்தார். நான் மறுபடி பதறி ஓடிவரக் கூடாது என்பதற்காக.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கள்கிழமை சாயங்காலம் அவர் குளியலறையில் விழுந்திருக்கிறார். சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். அதனால் சாத்திய கதவை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை. கைபேசி கூடத்து அலமாரியில் சார்ஜில் கிடந்தது. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் ஆறு மணிக்கு அது எங்களுக்குப் பதில் சொன்னது. வியாழன் மதியம் தண்ணீர் கேன் போட வந்தவர்தான் சந்தேகப்பட்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார். புதன் காலை வரை உயிர் இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

புதன் காலை அந்தச் செய்தியை நான் அவர் தெருமுனையில் நின்று படித்தேன். நடைக்குக் கிளம்பியிருந்தேன். படித்துவிட்டு, கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோட்டைப் பக்கம் திரும்பி நடந்தேன். அங்கிருந்து அவர் வீடு ஆறாவது வாசல்.

காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மகள் கைபேசியை என்னிடம் கொடுத்தாள். "எனக்கு நிறுத்த மனசு வரல அங்கிள். நீங்களே பாத்து எதுனா பண்ணுங்க." எப்போது விழுந்தார், எவ்வளவு நேரம் கிடந்தார் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பழைய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அவரே விரலால் அடித்த கடைசி "உள்ளேன் ஐயா" எது என்று கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. 6.17. நான் கதவைத் தட்டிய நாளுக்கு முந்தின நாள். அதற்குப் பிறகு நான்கு மாதம், ஒரே மாதிரி ஆறு மணி.

பதினாறாம் நாள் மாலை அந்த ஆப்பை நீக்கிவிட்டுக் கைபேசியை அணைத்தேன். டீச்சரிடம் சொல்லவில்லை. மறுநாள் விடிந்தது. நான் என்னுடையதைப் போட்டேன், டீச்சர் அவருடையதைப் போட்டார். விரிசல் விட்ட திரை இருட்டாகவே கிடந்தது. ஆறு முப்பத்தொன்றுக்கு என் கைபேசி அடித்தது. டீச்சர். தூக்கம் கலையாத குரல்.

"தம்பி, அவரோடது இன்னும் வரலியே. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இருவருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை.