அலுமாரி மேல் ஏறிய ஊன்றுகோல்

அந்த ஊன்றுகோல் அலுமாரியின் மேல், எனக்கும் எட்டாத உயரத்தில் கிடந்தது. அதை அங்கே வைத்தவர், நான் சின்யோரா என்று அழைத்த எசமானியம்மாவின் மகன். தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதா தெருவில் அந்தச் சின்யோராவைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. முழங்கால் நோவால் வருடக்கணக்கில் நாற்காலியோடு கிடந்த தாய்க்குச் செயற்கை முழங்கால் வைத்ததும், புதுக் காலுக்கு ஊன்றுகோல் எதற்கு என்றார் மகன். வழக்கறிஞர், கட்டளையிட்டுப் பழகிய வாய்.

சிகிச்சை நல்லபடி முடிந்தால் தன் அம்மா, அந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில் இருக்கும் மலைக்கு நடந்தே ஏறுவார் என்று நேர்த்தி வேறு வைத்திருந்தார். நேர்த்தி இவருடையது, கால் தாயுடையது. இப்படியொரு பக்தியை நான் எங்கள் மன்னாரிலும் கண்டதில்லை. பயிற்சி என்று காலையும் மாலையும் தாயைத் தெருவில் நடத்தும்படி என்னிடம் சொன்னார்.

நடக்கத் தொடங்கிய மூன்றாம் கிழமை சின்யோரா தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நோவு முழங்காலில் இல்லை, இங்கே என்றார். காலுறை மாட்டும்போது அந்த இடத்தில் என் விரல் பட்டாலே முகம் சுருங்கும். அறுவைச்சிகிச்சை செய்த பேராசிரியரிடம் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முழங்காலைப் படமெடுத்து, தான் வைத்த உலோகத்தை ரசித்தார். தொடையைத் தொட்டும் பார்க்கவில்லை. எல்லாம் சோம்பல், இன்னும் நடக்கட்டும் என்றார்.

அவர்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்ப முடியாது. கதிரையில் ஏறி ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்க நினைத்தேன். “நேர்த்திக்கு நடக்கிற ஆளை மறிச்சுப் பழி தேடாதை,” என்றார் என் கணவர். நானும் பயந்துபோய், சின்யோராவைக் கையைப் பிடித்து இழுத்து நடத்தினேன். வெட்கக்கேடு.

ஒரு காலை சமையலறையில் அவர் சும்மா திரும்பினார், அவ்வளவுதான். விழுந்து எலும்பு முறியவில்லை, முறிந்ததால்தான் விழுந்தார். வேறொரு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் தொடையின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். உட்கார்ந்தே மெலிந்துபோன எலும்பு, திடீர் நடையைத் தாங்காமல் முதலில் மெல்லிய கோடாக வெடித்திருக்கிறது. அப்போதே ஓய்வு கொடுத்திருந்தால் ஆறியிருக்கும். சின்யோரா பிறகு நடக்கவேயில்லை. மகன் நேர்த்தியை முடிக்க மலைக்குப் போனார், காரில். திரும்பி வந்து, ஊன்றுகோல் இல்லாமல் அம்மாவை ஏன் நடக்கவிட்டாய் என்று என்னிடம் கேட்டார்.

சின்யோரா கண்மூடியபின், வேண்டாத சாமான்களோடு அந்த ஊன்றுகோலையும் மகன் என் தலையில் கட்டினார். இப்போது அதை ஊன்றுவது நான்தான். என் முழங்காலும் மாற்றியாயிற்று. போன கிழமை தொடையில் நோவு தொடங்கியது. மருத்துவர் முழங்கால் படத்தைப் பார்த்து, எல்லாம் அருமை, நன்றாக நடங்கள் என்று சிரித்தார். கூட வந்த மகள் நன்றி சொல்லி எழுந்தாள். நான் ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டேன்.

“இரு பிள்ளை. தொடையைப் படமெடுக்காமல் நான் இஞ்சையிருந்து எழும்பமாட்டன்.”