அரண்மனை நிற்கிற மண்

பத்மநாபபுரம் அரண்மனை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் இதைச் சொல்லித்தான் ஒரு மேடையில் தோற்றேன்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவில், கேரளத்துக்குள் இருந்தது. வீட்டுக்குள் தமிழ், படி இறங்கினால் மலையாளம். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், அரண்மனையின் கோட்டைச் சுவரை ஒட்டிய தெருவில் பிறந்து, கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள். மலையாளம் அவளுக்குப் புரியும், பேசச் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாள். அதனால் பள்ளிக்கூடத்துக்கு என் காரியமாக வருவதெல்லாம் அப்பாவின் அக்காதான். எங்களுடனேயே இருந்த அந்த அத்தைக்கு, நாங்கள் திருவிதாங்கூர் சர்க்காரில் எழுத்துவேலை பார்த்த குடும்பம் என்பதில் பெரிய பெருமை. மகாராஜா நேற்றுச் சாயங்காலம்தான் தன்னிடம் சொல்லிக்கொண்டு போனார் என்பதுபோலப் பேசுவாள்.

அந்த வருஷம், புகழ்பெற்ற நினைவுச்சின்னங்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தவென்று பள்ளியில் ஒரு வினாடி வினா வைத்தார்கள். முதல் பரிசு, உலகத்துக் கோபுரங்களும் கோட்டைகளும் பளபளவென்று அச்சாகியிருந்த ஒரு தடித்த படப்புத்தகம். தலைமை ஆசிரியையின் மேசைமேல் அதைப் பார்த்த நாளிலிருந்து அது என்னுடையதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

திரையில் படம் காட்டிக் கேட்டார்கள். தாஜ்மகால், குதுப்மினார், கொனாரக் எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று பதில் சொன்னேன். அடுத்தாற்போல், சரிந்த ஓட்டுக்கூரையும் மரத்தூண்களுமாக ஒரு படம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடுமுறைக்கு அம்மாவோடு போனால் அதன் வாசலில்தான் ஓடிப்பிடித்து விளையாடுவேன்.

கேள்வி கேட்க வெளியூரிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். “ஈ கொட்டாரம் ஏது சம்ஸ்தானத்திலாணு?” என்றார். இந்த அரண்மனை எந்த மாநிலத்தில் என்று கேள்வி.

“தமிழ்நாடு” என்றேன்.

“தெற்று” என்றார். தப்பாம்.

பக்கத்திலிருந்த பெண் கேரளம் என்றாள். மதிப்பெண் அவளுக்குப் போனது. நான் எழுந்து நின்றேன். திருவிதாங்கூர் மன்னர்களின் அரண்மனை, இன்றும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது, ஆகவே கேரளம் என்று சார் பொறுமையாகவே விளக்கினார். நானும் மலையாளத்தில்தான் தொடங்கினேன். கோபத்தில் பாதிவழியில் தமிழ் வந்துவிட்டது.

“பூட்டும் தாக்கோலும் அவியளுக்குள்ளதா இருக்கட்டும் சாரே. கொட்டாரம் நிக்குத மண்ணு தமிழ்நாடாக்கும்.”

கூடம் சிரித்தது. சார் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. என் முறை வந்தபோதெல்லாம் நின்றுகொண்டே பதில் சொன்னேன். பெற்றோர் வரிசையிலிருந்து அத்தை, “மக்கா, இரி. மானத்த வாங்காத” என்று பல்லைக் கடித்தாள். அந்த ஒரு கேள்வியில்தான் புத்தகம் அந்தப் பெண்ணுக்குப் போனது. இரண்டாம் பரிசாக எனக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டினார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீட்டியவர் போத்தலை மேசைமேல் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை தொடங்கினாள். “எல்லாம் தாய்க்குள்ள பிடிவாதம். நம்ம மகாராஜாவுக்க கொட்டாரம் எப்பிடி பாண்டியில இருக்கும்?” தமிழ்நாட்டை அவள் பாண்டி என்றுதான் சொல்வாள்.

அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் அகலமாக விரித்துக்கொண்டார். அவர் யாரோடும் வாதாடாதவர். அதை ஒரு நல்ல குணம் என்று ஊரே சொல்லும்.

அம்மா ஈரக்கையோடு அடுக்களையிலிருந்து வந்தாள். “மைனி, அது எனக்க ஊராக்கும். எனக்க ஊரு எங்க கெடக்குண்ணு எனக்குத் தெரியாதா?”

அம்மா அத்தைக்குப் பதில் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அத்தையும் கேட்டதில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. செய்தித்தாள் ஒருமுறை அசைந்து, பிறகு நின்றது.

மறுநாள் காலையில் என்னோடு பள்ளிக்கு வந்தது அம்மாதான். நேராகத் தலைமை ஆசிரியையிடம் போய், மலையாளத்துக்கு முயலாமல், தமிழிலேயே சொன்னாள். “டீச்சரே, நான் அந்த ஊருக்காரி. பிள்ள சொன்னது சரியாக்கும்.”

ஒருவகையில் இரண்டு பதிலும் சரிதான் என்றும், கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்க முடியாதென்றும் அவர் மலையாளத்தில் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதில் எந்தச் சிரமமும் இல்லை.

“பரிசு வேண்டாம். எந்த எடத்துல இருக்குண்ணுதானே கேட்டிய? அது சரிண்ணு பிள்ளையளுக்க முன்னால சொன்னா போதும்.”

“அந்த சார் போயில்லே?” கேள்வி கேட்டவர்தான் போய்விட்டாரே என்றார் அவர்.

“நீங்க உண்டுல்லா. சொல்லுதது வர நான் இங்க இருக்கேன்.”

சொன்னபடியே வராந்தாவின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் நான் உட்கார மாட்டேனென்று நின்றேன், இன்று அம்மா எழுந்திருக்க மாட்டேனென்று இருந்தாள். மணி அடித்தது, பாடங்கள் மாறின. ஜன்னல் வழியாக அவளுடைய முதுகு தெரிந்துகொண்டே இருந்தது. அந்த வழியாகப் போன ஆசிரியைகள் ஒவ்வொருவரும் என்ன விஷயம் என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் முதலிலிருந்து சொன்னாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தலைமை ஆசிரியை எங்கள் வகுப்புக்கு வந்தார். பத்மநாபபுரம் கொட்டாரம் இருப்பது தமிழ்நாட்டில், அதைப் பராமரிப்பது கேரளம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் போரில் வென்றவள்போல எல்லோரையும் திரும்பிப் பார்த்தேன். புத்தகம் வென்ற பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அம்மா எனக்கு லீவு கேட்டு வெளியே அழைத்துவந்தாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகத் தக்கலை போகிற பஸ்ஸைப் பிடித்தாள். சுவருக்கு வெளியே வளர்ந்தவள் சீட்டு வாங்கி அரண்மனைக்குள் போனாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரேயொரு தடவை உள்ளே வந்திருக்கிறாளாம். கறுப்புக் கண்ணாடிபோல மின்னிய தரையில் செருப்பில்லாமல் நடந்தோம். தூணைக் காட்டி நான் விளக்கினேன், மரச்சல்லடை ஜன்னலைக் காட்டி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். மாடியில் ஒரு ஜன்னலருகே மட்டும் நின்றுவிட்டாள். அங்கிருந்து அவள் பிறந்த தெருவின் ஓடுகள் தெரிந்தன. கையைப் பிடித்து இழுத்தும் அவள் நகரவில்லை.

இருட்டுவதற்குள் மாமா வீட்டுக்குப் போனோம். அம்மா பிறந்த வீடு அது. அங்கிருந்து அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். வழக்கமாக, “இண்ணைக்கு இங்க நிக்கட்டா?” என்று கேட்டுவிட்டு, மறுமுனையில் அப்பா அத்தையிடம் கேட்டு வரும்வரை காத்திருப்பாள். அன்று, “நாங்க இண்ணைக்கு இங்கதான். நாளைக்கு வாறோம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில் நான் இன்னொரு அப்பளம் கேட்டேன்.