நூற்றிருபது சென்றிமீற்றர்

எங்கள் குடும்பத்தில் என்னை எதையும் அளக்க விடமாட்டார்கள். சோற்றுக்கு அரிசி போட்டால் எத்தனை சுண்டு என்று யாராவது எட்டிப் பார்ப்பார்கள். யன்னல் சீலைக்குத் துணி வாங்கப் போனால், “இவட அளவ நம்பிடாதீங்க” என்று உம்மாவின் தங்கச்சி, எங்கள் சாச்சி, கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. பத்து வயதில் தொடங்கிய பகிடி இது. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரித்துப் பழகிவிட்டேன். வாப்பா உயிரோடு இருந்தவரை அவர் மட்டும் சிரிக்கமாட்டார். கண்ணாடியைத் தேடுவதுபோல எழுந்து உள்ளே போய்விடுவார். அவருக்கு என்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மாமாவால் வந்த வினை அது. மாமா என்றால் உம்மாவின் மூத்த சகோதரன். உம்மா அவரைக் காக்கா என்பார். கட்டாரில் ஒரு பெரிய கராஜில் வேலை செய்தார். அந்த ஊர்ப் பணக்காரப் பையன்கள், ஏற்கெனவே வேகமாக ஓடுகிற கார்களை இன்னும் வேகமாக ஓடவைக்க அங்கே கொண்டுவந்து விடுவார்களாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாமா கிண்ணியாவுக்கு லீவில் வரும்போது அவருடைய பெட்டியைச் சுற்றி நாங்கள் எல்லாரும் உட்காருவோம். போர்வை, பால்மா, சவர்க்காரம், அத்தர் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த முறை ஒரு துவாய்க்குள் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு சக்கரம் வந்தது. சிரட்டையின் வாயளவு இருக்கும். விளிம்பைச் சுற்றி ஆறு வரி ஓடியது. “இது மச்சானுக்கு” என்றார் மாமா. வாப்பா இரண்டு கையாலும் வாங்கினார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது என்பது எனக்குக்கூடத் தெரிந்தது.

வாப்பாவிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. நீளமான வெள்ளைக் கார். கிண்ணியாவிலோ மூதூரிலோ கலியாணம் என்றால் மாப்பிள்ளை அதில்தான் போவார். கலியாணம் இல்லாத நாட்களில் வெளிநாடு போகிறவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும். நாங்கள் ஐந்து பேர் சாப்பிட்டது அந்தக் கார் ஓடியதால்தான். அதன் எஞ்சினில் சுப்பர்சார்ஜர் என்று ஒரு சாமான் ஜப்பானிலேயே பொருத்தப்பட்டு வந்திருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊதுகிற பெட்டி அது. அதையும், எஞ்சினின் சூட்டைத் தணிக்கிற தண்ணிப் பம்பையும் ஒரே பெல்ட் சுழற்றும். பெல்ட் ஓடுகிற சக்கரத்துக்குப் புல்லி என்று பெயர். அந்தப் பெட்டியின் புல்லியைக் கழற்றிவிட்டுச் சின்னப் புல்லி போட்டால் பெட்டி இன்னும் வேகமாகச் சுற்றும், காற்றுக் கூடும், கார் பறக்கும். மாமா தேத்தண்ணிக் கோப்பை மூடியையும் பிஸ்கட்டையும் மேசையில் உருட்டி எனக்கு இதை விளங்கப்படுத்தினார். அந்த விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை. கலியாண மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகிற கார் எதற்குப் பறக்கவேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வாப்பாவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கலியாணம் முடிந்ததும் ஆண்தான் பெண்வீட்டில் வந்து குடியிருப்பான். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண்ணின் தகப்பன், இல்லாவிட்டால் காக்காமார். எங்கள் வீட்டின் ஒவ்வொரு கல்லும் மாமா கட்டார் வெயிலில் நின்று அனுப்பியது. மாமா லீவில் நிற்கும் நாட்களில் வாப்பா தன் வழக்கமான சாய்மனைக் கதிரையில் உட்காரமாட்டார், வாசலில் கிடக்கும் மரவாங்கில் போய் உட்காருவார். அப்படிப்பட்ட மனுசன், தனக்கென்று பாலைவனம் தாண்டி வந்த சக்கரத்தை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? “நல்ல சாமான் போல” என்றார், அவ்வளவுதான்.

புல்லி சின்னதானால் பழைய பெல்ட் நீண்டுவிடும். புதியது அதைவிட நீளம் குறைந்த கட்டையாக வேண்டும். மாமா உம்மாவிடம் பாவாடை நாடாவில் ஒரு துண்டு வாங்கி, பெல்ட் ஓடவேண்டிய வழியெல்லாம் அதைச் சுற்றி, சந்திக்கிற இடத்தில் பேனையால் கோடு போட்டார். பிறகு நாடாவை முற்றத்தில் நீட்டி வைத்து, உம்மாவின் தையல் டேப்பை என்னிடம் தந்தார். என்னைக் கூப்பிடச் சொன்னது வாப்பாதான். கிட்ட இருப்பதை வாசிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும், அது தேடும்போது ஒருநாளும் அகப்படாது. எஞ்சின் எண்ணெயை அளக்கும் கம்பியின் கோட்டைப் பார்ப்பதும் டயரின் காற்றை வாசிப்பதும் எப்போதும் நான்தான். “மகள் பாத்தாச் சரி” என்பார். ஊரில் வேறு யாருடைய வாப்பாவும் தன் பெண்பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அது தலையில் கிரீடம் வைத்த மாதிரி.

நான் முழங்காலில் இருந்து டேப்பைப் பிடித்தேன். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்றிமீற்றர். சென்றிமீற்றர்ப் பக்கத்தை மேலே திருப்பி இரண்டு தரம் அளந்து, “நூத்தி இருவது” என்றேன். மாமா கொழும்பிலிருந்த ஒரு கூட்டாளிக்குப் போன் எடுத்து அதையே சொன்னார். இரண்டு நாளில் பஸ்ஸில் பெல்ட் வந்தது. மாட்டியபோது விரலால் அமுக்கிப் பார்த்து, “கையால தைச்ச மாதிரி இரிக்கி” என்று மாமாவே மெச்சினார்.

எல்லாவற்றையும் பூட்ட உதவி செய்ய வந்தவர் எங்கள் சந்தியில் கராஜ் வைத்திருந்த மெக்கானிக், ஊருக்கு அவர் பாஸ். வேலை முடிந்து கையைத் துடைக்கும்போது அவர் மாமாவிடம் ஒன்று கேட்டார்.

“காத்துக் கூடினாப் பெற்றோலும் கூடக் குடுக்கணுமே காக்கா. அதுக்கு என்ன செய்தீங்க? வெறும் காத்த மட்டும் கூட்டினா உள்ளுக்குச் சூடு ஏறும்.”

“கட்டார்ல நான் நூறு காருக்குச் செய்திரிக்கன்” என்றார் மாமா. பாஸ் தன் சாவிகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். கட்டாரில் அந்த நூறு காரிலும் மாமா நட்டுக் கழற்றிக் கொடுத்தார், மற்ற வேலையை வேறு ஆட்கள் கணினியை வைத்துக்கொண்டு செய்தார்கள் என்பது எங்களுக்கு நெடுநாள் கழித்துத்தான் தெரியவந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று பேர் புறப்பட்டோம். மாமா ஓட்டினார். வாப்பா தன் காரிலேயே பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிச் சீனக்குடாப் பக்கம் நேராக ஓடும் வீதியில் மாமா மிதித்தார். கார் ஒரு ஊளையோடு கிளம்பியது. என் முதுகு ஆசனத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சந்தோசத்தை நான் மறைக்கமாட்டேன், வாழ்க்கையில் அப்படி ஒன்றை அதற்குப் பிறகு அனுபவிக்கவில்லை. திரும்பி வந்து இரண்டாம் தரம் போனபோது எஞ்சினுக்குள், பால்மா டின்னுக்குள் சின்னக் கற்களைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

“மச்சான், என்னமோ சத்தம் ஒண்டு கேக்குது” என்றார் வாப்பா. “கொஞ்சம் மெதுவாப் போவமா?”

“புதுசா மூச்செடுக்குது மச்சான். பழகிடும்.”

வாப்பா கதவின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தார். ஓட்டத்தை நிறுத்தச் சொல்ல அவருக்கு இன்னொரு சந்தர்ப்பம் இருந்தது. மாமா மூன்றாம் தரம் காரைத் திருப்பியபோது, வாப்பா ஆசனப் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டார். பாதி வீதியில் படாரென்று ஒரு சத்தம் கேட்டது, பின்னால் நீலப் புகை எழுந்தது, பிறகு கார் தன் பாட்டில் உருண்டு நின்றது. ஒரு உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்துவந்தோம். பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இழுபடுகிற காரில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் வாப்பா. மாமா யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறி முன்னமே வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் வைத்துப் பாஸ் எஞ்சினைத் திறந்தார். ஒரு பிஸ்டனை வெளியே எடுத்து வாப்பாவின் கையில் கொடுத்தார். அதன் தலையில் சின்னவிரல் நுழைகிற அளவு ஓட்டை. விளிம்பு மெழுகு வழிந்த மாதிரி இருந்தது.

“சூட்டில உருகியிரிக்கி” என்றார் பாஸ். யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

வாப்பா தலையைத் தூக்கி மாமாவைப் பார்த்தார். பத்து வருடத்தில் அவர் மாமாவை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

“அப்ப நான்தான் உடைச்சன் எண்டு சொல்றீங்களா மச்சான்?” என்றார் மாமா. “சொல்லுங்களன். என்ட வீட்டு முத்தத்தில நிண்டு சொல்லுங்க.”

என்ட வீடு என்று அவர் அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை. வாப்பா பிஸ்டனைக் கதிரையில் வைத்தார். அவர் ஏதோ சொல்லத்தான் போனார். அதற்குள் குசினிக்குள்ளிருந்து உம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். கழுத்தில் டேப் தொங்கியது.

“பெல்ட்டு அளவு பிழைச்சிருக்கும்” என்றார் உம்மா. “இவதானே அளந்தவ. டேப்ப எப்பவும் மாத்தித்தான் புடிப்பா. அங்குலப் பக்கத்தப் பாத்திருப்பா.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மூச்சை விட்டார். “அதான். பெல்ட்டு வழுக்கி, தண்ணிப் பம்பு சுத்தாம, அதுலதான் சூடாகியிரிக்கி” என்று மடமடவென்று சொன்னார். பாஸ் பெல்ட்டைக் கையில் எடுத்து ஒரு கீறல்கூட இல்லாத அதன் வரிகளைத் தடவினார். “அப்புடியும் இரிக்கும்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். நான் இரண்டு தரம் அளந்தனான் என்று சொல்ல வந்தேன். ஆனால் சொல்பவர் உம்மா. நாள் முழுக்கத் தைக்கிறவர். அவரைவிட எனக்கு டேப்பைப் பற்றித் தெரியுமா? நான் மாற்றித்தான் பிடித்திருக்கவேண்டும் என்று அந்த இடத்திலேயே நம்பிவிட்டேன்.

வாப்பாவிடம் போய் அழுதேன். “தெரியாமச் செய்துட்டன் வாப்பா, மன்னிச்சிடுங்க” என்றேன். அவர் எண்ணெய் பட்ட கையை என் தலையில் வைத்தார். “பரவால்ல மகள்” என்றார். அவருடைய முகத்தில் ஏதோ இறுக்கம் விட்டதுபோல இருந்தது. எவ்வளவு நல்ல வாப்பா என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.

மாமா சொன்ன திகதிக்குக் கட்டாருக்குத் திரும்பினார். அவரை ஏற்றிப்போக வாடகை வான் ஒன்று வந்தது. அந்த எஞ்சின் பிறகு ஓடவேயில்லை. கார் முற்றத்தில் நின்று, கோழிகள் அடைகாக்கும் இடமாகி, கடைசியில் இரும்புக்குப் போனது. வாப்பா அறுபது வயது வரைக்கும் தண்ணி ஏற்றும் பவுசர் லொறி ஓட்டினார். எண்ணெய்க் கம்பியைப் பார்க்க அவர் என்னை மறுபடி கூப்பிடவேயில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கு எனக்கு ஏ வந்தபோது மாமா போனில், “டேப்புப் புடிக்கத் தெரியாத புள்ளைக்கா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். உயர்தரத்துக்குக் கலைப்பிரிவில் சேர்ந்தேன். இலக்கம் சம்பந்தப்பட்ட எதையும் மூன்று தரம் பார்க்காமல் என்னால் விடமுடியாது, பார்த்த பிறகும் நம்பமுடியாது. இப்போது ஒரு அலுவலகத்தில் காணிக்கிளையில் இருக்கிறேன். மற்றவர்கள் அளந்து கொண்டுவருவதைப் பதிவது என் வேலை.

போன நோன்புக்குக் குசினிக்கு வெள்ளையடித்தோம். அரிசிப் பீப்பாவின் வாயை மூடிய துணியை இறுக்கிப் பிடிக்க உம்மா பல வருடமாக ஒரு கறுப்பு வளையம் போட்டு வைத்திருப்பார். கழற்றிக் கழுவும்போதுதான் அது அந்தப் பெல்ட் என்று கண்டேன். எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்ததும் முதுகில் வெள்ளை இலக்கம் தெரிந்தது. முன்னால் ஏதோ எழுத்துகள், கடைசியில் 1200. மில்லிமீற்றர் கணக்கு. நான் சொன்ன அளவு.

மாற்றிப் பிடித்திருந்தால் அங்குலப் பக்கத்தில் நாற்பத்தேழு என்று வாசித்திருப்பேன். நாற்பத்தேழு சென்றிமீற்றர் பெல்ட் அந்த எஞ்சினில் பாதி வழிகூடப் போயிருக்காது. அதை மாட்டவே ஏலாது, பிறகு எங்கே வழுக்குவது? சட்டை தைக்கிற எவருக்கும் இது ஒரு நிமிடக் கணக்கு.

உம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெல்ட்டை அவர் முன்னால் வைத்தேன்.

“இது நூத்தி இருவது உம்மா.”

“ஓம்” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.” சுளகு நிற்கவில்லை. “அண்டைக்குக் காக்காவும் வாப்பாவும் பிரிஞ்சிருந்தா நாம எங்க போற? நீ சின்னப் புள்ள. சின்னப் புள்ளையோட ஆரு கோவிப்பாங்க?”

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுளகைத் தட்டிவிடலாம் போலிருந்தது. தட்டவில்லை. வாப்பாவுக்காவது தெரியாமல் இருந்திருக்கவேண்டும் என்று ஒரு ஆசை மட்டும் மிச்சம் இருந்தது. அதையும் கேட்டேன்.

“அவருதானே கண்ணாடியப் போட்டு இலக்கத்த வாசிச்சிட்டு, பீப்பாவுக்குச் சரியா இரிக்கும் எண்டு என்ட கையில தந்தவரு” என்றார் உம்மா. “மாமா கட்டாருக்குத் திரும்பின அதே கிழமை. அண்டைக்கு முத்தத்தில நிக்கக்கயும் அவருக்குத் தெரியும்.”

அன்று முற்றத்தில் நின்ற நாலு பெரிய மனிதரில் ஒருவர்கூட என்னைக் குற்றவாளி என்று நம்பியிருக்கவில்லை. நம்பியவள் நான் ஒருத்திதான். வாப்பா என் தலையில் கை வைத்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தந்தார்.