நூற்றிருபதுக்கு எண்பது

நர்சிங் சேர்ந்த முதல் வாரம், வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் அதைக் கழற்றாமலே நடந்துவந்தவள் நான். அவ்வளவு திமிர். எங்கள் நெசவாளர் தெருவில் ஊசி போடப் படிக்கிற முதல் பெண் என்றால் சும்மாவா? படித்தது என்னவோ மளிகைக் கடைக்கு மேல்மாடியில் நடந்த இரண்டு வருட நர்சிங் கோர்ஸ்தான். தொண்ணூறுகளின் கடைசியில் அப்படிப்பட்ட கோர்ஸ்களுக்குப் பஞ்சமில்லை. சேத்துப்பட்டிலிருந்தும் தேசூரிலிருந்தும்கூடப் பெண்கள் பஸ் பிடித்து வந்து படித்தார்கள்.

இரண்டாம் வருடம் வீடு வீடாகப் போய் பிபி பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். எந்தத் தெருவுக்குப் போகிறீர்கள் என்று டீச்சர் கேட்டதும் நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து எங்கள் தெருவைச் சொன்னேன். மூன்று தோழிகளைக் கூட்டிக்கொண்டு நேராக எதிர்வீட்டு அத்தையிடம் போனேன். உறவு ஒன்றும் இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டே பழக்கம். அவர் வீட்டுக்காரர் பட்டுப்புடவை நெய்தார். அதற்கு வேண்டிய நூலை ராட்டினத்தில் சின்னக் குச்சிகளில் தாராகச் சுற்றிக் கொடுப்பது அத்தையின் வேலை. அவருக்கு ஏற்கனவே பிபி இருந்தது.

"வாம்மா டாக்டரம்மா," என்று கையை நீட்டினார். "ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரை தீந்து ஒரு வாரம் ஆவுது. அங்க போனா ஒரு நாள் வேலை கெட்டுப்போவுது. நீ பாத்து சொல்லு. போவணும்னா போறேன்."

கையில் துணிப்பட்டையைச் சுற்றினேன், காற்றடித்தேன், ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டேன். காற்றை மெல்ல விடும்போது லொட் லொட்டென்று நாடிச் சத்தம் கேட்க வேண்டும். அது தொடங்குகிற இடம் மேல் எண், அடங்குகிற இடம் கீழ் எண். எனக்குக் கேட்டதெல்லாம் பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தம்தான். அந்த வீட்டில் புதிதாக இரண்டு பவர்லூம் போட்டிருந்தார்கள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். திரும்பவும் காற்றடித்தேன். திரும்பவும் டடக் டடக்.

தறியை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்வது எங்கள் தெருவில் யாரும் செய்யாத காரியம். விருந்தாளி வந்தாலும் நெய்கிறவர் தலை நிமிர்கிற வரைக்கும் வாசலில் நிற்பார்கள். அப்படியே வளர்ந்தவள் நான். இதைச் சாக்காகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாக்குதான் அது. சத்தம் கேட்காவிட்டால் மணிக்கட்டில் நாடியைத் தொட்டாவது மேல் எண்ணைக் கண்டுபிடி என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதையும் நான் செய்யவில்லை. செய்தால் எனக்குக் கேட்கவில்லை என்பது தோழிகளுக்குத் தெரிந்துவிடும். என் தெருவில், என் அத்தை முன்னால், என் மானம் போய்விடும்.

"நார்மலாத்தான் இருக்குதுங்க அத்தை. நூத்தி இருவது, எம்பது," என்றேன்.

"அப்போ ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாமா?"

"இப்போதைக்கு வேணாங்க."

அந்த 'வேணாங்க' என் வாயிலிருந்துதான் வந்தது. நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன். டீச்சர் பார்த்து டிக் அடித்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், தார் சுற்றிக்கொண்டிருந்த அத்தையின் வலது கை ராட்டினத்திலிருந்து நழுவி விழுந்தது. வாய் கோணிவிட்டது. பக்கவாதம். அன்றைக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான், ஆட்டோவில் அவரை ஏற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே போகவில்லை.

பேச்சு திரும்பியதும் அத்தை எல்லாரிடமும் என்ன சொன்னார் தெரியுமா? "எதிர்வீட்டுப் பொண்ணு பாத்துட்டு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிச்சு. நான்தான் அதுக்கப்புறம் ஊறுகாயா தின்னுகினு இருந்தேன்." என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அவரோ பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றினார். நானும் வாயைத் திறக்கவில்லை. படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விட்டால் போதும் என்று ஓடினேன்.

ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தையைப் பார்க்காமல் நழுவப் பார்ப்பேன். சில வருடம் அப்படியே ஓடியது. ஒரு பொங்கலுக்கு வாசலிலேயே பிடித்துவிட்டார். "பிபி மிசினு எடுத்துகினு வாம்மா. எத்தினி பேரு பாத்தாலும் நீ பாத்தாதான் எனக்கு திருப்தி."

இடது கையை நீட்டினார். வலது கை மடியில் கிடந்தது. ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அதே டடக் டடக். இப்போது அங்கே நான்கு தறி. எழுந்துபோய் பக்கத்து வீட்டு அண்ணனிடம், "ரெண்டு நிமிசம் நிறுத்த முடியுமாண்ணா? அத்தைக்கு பிபி பாக்கணும்," என்றேன்.

"அதுக்கின்னாம்மா, சுவிட்ச்ச அமுத்தினா நிக்கப்போவுது," என்று உடனே நிறுத்தினார்.

அவ்வளவுதான். கேட்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து காற்றடித்தேன். லொட் லொட்டென்று ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்டது.

துணிப்பட்டையை அவிழ்க்கும்போது அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு தறிய நிறுத்தணுமா?" என்றார்.

"ஆமாங்க. இல்லன்னா ஒண்ணும் கேக்காது."

"அன்னிக்கு நிறுத்தலியேம்மா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவும் எனக்குத் தெரியும். "இல்லீங்க அத்தை," என்றேன். "அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல."

மடியில் கிடந்த வலது கையை இடது கையால் எடுத்து, புடவைத் தலைப்புக்குள் மூடி வைத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பக்கத்து வீட்டில் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கக் கேட்டார்.

"இன்னிக்கு எவ்ளோ இருக்குது? நெஜத்த சொல்லு."