பீரங்கி முனி

எங்கள் ஊர் கோட்டையாகத்தான் தொடங்கியது. மலாய் நாட்டின் கெடா எல்லையைக் காவல் காக்க வெள்ளைக்காரன் ஆற்றோரம் கட்டினான். சிப்பாய்களுக்கு அரிசி விற்க ஒரு கடை, துணி விற்க ஒரு கடை, பிறகு பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சனம் என்று பெருகிப் பெருகி இன்று பேரங்காடியும் நெரிசலுமாக நிற்கிறது. கோட்டையில் மிச்சம் ஒரு சுவரும் அதை ஒட்டிய அரும்பொருளகமும்தான் என்று நினைத்திருந்தோம்.

என் பூக்கடை சாலைமுனையில், முனீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணவர் லாரி ஓட்டுகிறார். பாலிங் மலைச்சாலைக்குப் போகும் காலைகளில் முனிக்குச் சுருட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கிவிட்டுத்தான் கிளம்புவார். ஒருமுறை பிரேக் பிடிக்காமல் லாரி பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. முனிதான் பிடித்து நிறுத்தினார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு நான் பூ விற்பதில்லை.

போன வருடம் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. நிலப்பட்டா இல்லாத கோயில். எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயில் தலைவர் ஒரு யோசனை சொன்னார்.

"பழைய சாமின்னு காட்டணும்லா. அப்பதான் கை வைக்க மாட்டானுங்க. நல்லா தேச்சு வைங்க, பழமை தெரியட்டும்."

பெண்கள் எல்லாரும் புளியும் தேங்காய் நாரும் கொண்டுபோய், முனியாக நின்ற நடுகல்லைத் தேய்த்தோம். காலகாலமாக ஏறிய எண்ணெயும் மஞ்சளும் கழன்று, உள்ளே கன்னங்கரேலென்று இரும்பு தெரிந்தது. கல் என்றல்லவா நினைத்திருந்தோம்! ஆனாலும் பூச்சூட்டிவிட்டு வந்தேன்.

பழமையைப் பார்த்துச் சொல்ல அரும்பொருளகத்திலிருந்து வந்தவர் ஒரு மலாய்ப் பெண். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து தடவிப் பார்த்தார். "மெரியாம், காக்," என்றார். பீரங்கி, அக்கா என்கிறார். கோட்டை போன பிறகு யாரோ அதை எல்லைக்கல்லாகத் தலைகீழாக நட்டிருக்கிறார்கள். கோயிலுக்கு வேறு இடம் கேட்டுத் தருவதாகவும், பீரங்கியை மட்டும் எடுத்துப் போவதாகவும் பக்குவமாகச் சொன்னார்.

தலைவர் முகம் மலர்ந்தது. "வேற செல வாங்கி வச்சிக்கலாம்லா!"

ஆளைக் கொல்ல வார்த்த இரும்பிடம் போய், என் ஆளைக் காப்பாற்று என்று இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். அதுவும் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தது. இனி வாங்கப்போகிற சிலைக்கு என் வீட்டுக்காரரை எப்படித் தெரியும்?

பாரந்தூக்கி வந்து பெயர்த்துக்கொண்டு போனது. மறுநாள் காலை கணவர் வழக்கம்போல அதே இடத்தில் லாரியை நிறுத்தி இறங்கினார். வெறும் குழி. அதன் விளிம்பில் சுருட்டை வைத்தார்.

"ஏங்க, அங்கதான் யாரும் இல்லியே?"

"வைக்காம போனா கை நடுங்குது," என்றார்.

எலுமிச்சை நசுங்கியது. லாரி மலைப்பக்கம் திரும்பியது. பூக்கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் லாரிச் சத்தம் கேட்கும்வரை ஒரு முழம்கூடக் கட்டவில்லை.